சிவப்பு ரப்பர், நீலத் தகரம்

என்னிடம் ஐந்து விஷவாயு முகமூடிகள் இருக்கின்றன. ஐந்தும் இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் சர்க்கார் தன் குழந்தைகளுக்கென்று செய்து கொடுத்தவை. நான்கு, சிறு குழந்தைகளுக்கான சிவப்பு முகமூடிகள். ஒன்று, கைக்குழந்தையை இடுப்புவரை உள்ளே வைத்துக் கட்டும் பெரிய கூடு. பதினேழு வருஷங்களாக லங்காஷயரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானங்களில் காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பவர்களிடமும், இறந்துபோனவர்களின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வரும் இடங்களிலும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. சேகரிப்பாளன் என்று சொல்லிக்கொள்ள ஐந்து போதாது. தற்செயல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள ஐந்து அதிகம்.

எழுதுகிற நண்பர்கள் வந்தால் காட்டுவதுண்டு. பார்த்த மாத்திரத்தில் அவர்கள் அதை வேறு ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஒருவர் ‘நவீன மனிதன்’ என்றார். ஒருவர் ‘அதிகாரத்தின் முகம்’ என்றார். இன்னொருவர் ஊருக்குத் திரும்பிய ஒரு மாதத்தில் கவிதையே அனுப்பிவிட்டார். அதில் முகமூடி இருந்தது, குழந்தை இருந்தது, ரப்பர் இல்லை. நம் புதுக்கவிதை தொடங்கிய நாளிலிருந்தே முகமூடிக்கு அதில் ஓய்வில்லை. முகமூடி என்றால் மறைப்பது, பொய், கழற்றினால் உள்ளே நிஜ முகம் என்று ஒரு சூத்திரம் கையில் தயாராக இருக்கிறது. என் அலமாரியில் இருப்பதற்கு அந்தச் சூத்திரம் பொருந்தாது. அது எதையும் மறைக்கச் செய்யப்பட்டதல்ல. மூச்சு விடச் செய்யப்பட்டது. சர்க்கார் அதற்கு வைத்த முறையான பெயர் முகமூடி அல்ல. ரெஸ்பிரேட்டர், அதாவது சுவாசக் கருவி. ஒரு பொருளைப் படிமம் ஆக்குவதற்கு முன் அது என்ன வேலைக்கு வந்தது என்று கேட்கும் பொறுமை நமக்குக் குறைவு என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. இந்தக் கட்டுரை அந்த அபிப்பிராயத்தின் நீட்சிதான்.

பொருளைச் சொல்கிறேன். உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிய, செங்கல் சிவப்பு ரப்பர் முகம். பெரியவர்களுக்கான கறுப்பு முகமூடியில் கண்களுக்கு எதிரே அகலமாக ஒரே ஜன்னல்தான் உண்டு. இதில் இரண்டு தனித்தனி வட்டங்கள், உலோக விளிம்போடு. அதனால்தான் இது முகம் மாதிரி இருக்கிறது. பெரியவர்களுடையது கருவி மாதிரி இருக்கிறது. வாய் இருக்கவேண்டிய இடத்தில் நீலம் பூசிய தகர டப்பா. உள்ளே கரியும் வடிகட்டியும். மூச்சை இழுத்தால் காற்று டப்பா வழியாக வரும். விட்டால், கண்களுக்கு நடுவே தொங்கும் ஒரு ரப்பர் மடல் திறந்து வெளியேறும். அந்த மடல் மூக்கு மாதிரி இருக்கிறது. குழந்தை மூச்சு விடும்போதெல்லாம் மூக்கு துடிக்கும்.

இதற்குத்தான் மிக்கி மௌஸ் என்று பெயர் வந்தது. காது கிடையாது, சிரிப்பு கிடையாது, மிக்கியின் சாயல் மருந்துக்கும் கிடையாது. அமெரிக்காவில் 1942-ன் தொடக்கத்தில், வால்ட் டிஸ்னியின் ஒப்புதலோடு, காதும் சிரிப்புமாக நிஜமான மிக்கி முகமூடி ஒன்று செய்தார்கள். சுமார் ஆயிரம்தான் செய்யப்பட்டன. பிரிட்டனில் மிக்கி வெறும் சொல். சிவப்பும் நீலமும் சர்க்கார் செய்த வேலை. மிச்சத்தைத் தாய்மார் வாயால் செய்து முடித்தார்கள். ஒரு விகாரமான ரப்பர் துண்டின்மேல் ஒரு பெயரை வைத்து, அந்தப் பெயரை நம்பும்படி இரண்டு வயதுக் குழந்தையிடம் பேசுவது சாமான்யமான காரியமல்ல. எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இந்தச் சிவப்பு ஏறக்குறைய இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரைதான். அதற்குக் கீழே, கான்வாஸும் ரப்பரும் உலோகச் சட்டமுமான கூடு. குழந்தையின் தலை, கை, வயிறு எல்லாம் உள்ளே போய்விடும்; கால்கள் மட்டும் வெளியே தொங்கும். தாய் தன் முகமூடியை மாட்டிக்கொண்டு, பக்கவாட்டில் உள்ள துருத்தியைக் கையால் அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். அடித்தால்தான் உள்ளே காற்று. ஐந்து வயதுக்கு மேலே போனால் கறுப்பு. பெரியவர்களுக்கானதே, அளவில் சிறியது. அதற்கு வர்ணமும் கிடையாது, பெயரும் கிடையாது. ஆக, பயத்தை விளையாட்டாக மாற்றித் தரவேண்டிய வயது எது, பயத்தைப் பயமாகவே கையில் கொடுத்துவிடலாம் என்ற வயது எது என்று ஒரு சர்க்கார் கோடு கிழித்திருக்கிறது. ஐந்து வயது நிரம்பிய குழந்தை அந்தக் கோட்டைத் தாண்டியது. ஆனால் கறுப்பு கிடைத்த பள்ளிப் பிள்ளைகள் சர்க்காரிடம் கேட்காமல் தங்கள் விளையாட்டைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அந்த முகமூடியில் வெளிமூச்சுக்கு வழி கிடையாது. கன்னத்து ரப்பரின் ஓரம் வழியாகத்தான் போகவேண்டும். வேகமாக ஊதினால் குசு விடும் சத்தம் வரும். வகுப்பு முழுவதும் சேர்ந்து ஊதினால் ஆசிரியை என்ன செய்வாள்? அந்த நாட்களை நினைவுகூரும் கிழவர்கள் அத்தனை பேரும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

பயம் பொய்யானதல்ல. 1915 ஏப்ரல் 22-ல் பெல்ஜியத்தில், ஈப்ர நகரத்துக்கு அருகே, ஜெர்மானியர் குளோரினைக் காற்றில் திறந்துவிட்டார்கள். பிறகு இரு தரப்பும் அதையே செய்தன. 1925-ல் ஜெனீவாவில் கூடி, யுத்தத்தில் விஷவாயு கூடாது என்று கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்திட்ட இத்தாலி 1935-36-ல் அபிசீனியாவில் விமானத்திலிருந்து மஸ்டர்ட் வாயுவைத் தெளித்தது. அடுத்த யுத்தத்தில் இது லண்டன் மேல் விழும் என்று எல்லோரும் நம்பினார்கள். 1938 செப்டம்பரில், ம்யூனிக் நெருக்கடியின்போது, வீடுவீடாக முகமூடி கொடுக்கத் தொடங்கியபோது கைக்குழந்தைகளுக்கு எதுவும் தயாராக இல்லை. பெரியவர்களெல்லாம் அளவு பார்த்துப் போட்டுக்கொள்ள, தாய் மடியில் குழந்தை வெறும் முகத்தோடு உட்கார்ந்திருந்தது. யுத்தம் தொடங்கிய 1939 செப்டம்பருக்குள் சுமார் 3 கோடியே 80 லட்சம் முகமூடிகள் மக்கள் கைக்குப் போயிருந்தன. தபால் பெட்டிகளின் தலையில், வாயு பட்டால் நிறம் மாறும் பெயிண்ட் அடித்தார்கள். வாயு வந்தால் எச்சரிக்க வார்டன்கள் கையில் மரக் கிலுகிலுப்பை கொடுத்தார்கள். கிலுகிலுப்பையும் குழந்தைச் சாமான்தான் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இங்கே ஹால்டேன்களைச் சொல்லவேண்டும். தந்தை ஜே. எஸ். ஹால்டேன், 1915-ல் விஷவாயு என்னவென்று கண்டுபிடிக்கப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டவர். முதல் முகமூடிகளின் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன், 1957-ல் இந்தியாவுக்குக் குடிவந்து, ஜிப்பா போட்டுக்கொண்டு, 1964-ல் புவனேஸ்வரத்தில் இறந்தவர். வாயுவின் வேலையை நேரில் அறிந்த மகன், 1938-ல் விமானத் தாக்குதல் பாதுகாப்பு பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வாயுவை விட வெடிகுண்டுதான் பெரிய ஆபத்து, ஆழமான பதுங்குமிடங்கள் தோண்டுங்கள் என்பது அவர் வாதம். தோண்டுவதற்குப் பணம் ஆகும். ரப்பரும் தகரமும் மலிவு. கடைசியில் வந்தது வெடிகுண்டுதான். 1940-41-ல் விமானக் குண்டுவீச்சில் ஏறக்குறைய 43,000 பொதுமக்கள் செத்தார்கள். இடிந்த சுவரின் கீழே முகமூடி என்ன செய்யும்? யுத்தம் முடியும்வரை பிரிட்டனின்மேல் விஷவாயு ஒரு தடவைகூட விழவில்லை. சிவப்பு முகமூடி, தான் எதற்காகப் பிறந்ததோ அதைச் சந்திக்கவே இல்லை.

சேகரிப்பாளர்களுக்கு இது சௌகரியம். உபயோகப்படாத சாமான்தானே கெடாமல் கிடைக்கும்? அட்டைப் பெட்டி இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை. ரப்பர் இளகிப் பிசுபிசுத்தால் குறைவு, விறைத்து வெடித்தால் இன்னும் குறைவு. மாட்டியே பார்க்காதது என்றால் விற்பவரின் குரல் தாழ்ந்துவிடும். பயந்த முகம் ஒன்றுகூட உள்ளே போகாத முகமூடிக்குத்தான் மதிப்பு அதிகம். எனக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. என்னுடைய நான்கில் மூன்று மட்டமானவை; வார் தளர்ந்தவை; ஒன்றில் பல் பட்ட மாதிரி ஒரு தடம். பெட்டியோடு கிடைத்தது ஒன்றே ஒன்று. மூடியின் உட்புறத்தில் காப்பியிங் பென்சிலால் ஒரு குழந்தையின் பெயரும் வீட்டு முகவரியும் எழுதியிருக்கிறது. ஈரம் பட்டு ஊதாவாகப் பரவியிருந்தாலும் படிக்கமுடிகிறது. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஒரு தடவை, விற்ற கிழவியே போட்டுக்கொண்டவளாக வாய்த்தாள். எண்பது தாண்டியிருக்கும். பயமாக இருந்ததா என்று கேட்டேன். ‘ரப்பர் நாற்றம்தான் ஞாபகம். பயமெல்லாம் இல்லை. அண்ணனுக்குக் கறுப்பு, எனக்குச் சிவப்பு. அவன் பொறாமைப்பட்டான்’ என்றாள். சற்று யோசித்துவிட்டு, ‘அம்மா போட்டுக்கொண்டபோதுதான் அழுதேன். அம்மாவுக்கு முகமே இல்லை’ என்றாள். சொன்ன விலையில் ஒரு பவுண்டுகூடக் குறைக்கவில்லை. நான் படித்த எந்தக் கட்டுரையும் அந்த வர்ணத்தின் வேலையை இவ்வளவு துல்லியமாகச் சொல்லவில்லை. குழந்தையின் பயம் அதன் முகத்திலிருந்து தொடங்குவதில்லை; எதிரே இருக்கும் முகத்திலிருந்து தொடங்குகிறது. அங்கே வர்ணம் பூச யாருக்கும் தோன்றவில்லை.

இதுவரை முகமூடியின் வெளிப்பக்கம். உள்பக்கத்துக்கு வருகிறேன்.

சென்னையில் வளர்ந்த எவனுக்கும் லேலண்ட் என்பது பஸ்ஸின் நெற்றியில் எழுதிய சொல். எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. லேலண்ட் ஒரு ஊரின் பெயர் என்பது எனக்கு இங்கே வந்தபிறகு, ரயில் நிலையத்தின் பலகையில் தெரிந்தது. என் வீட்டிலிருந்து சில மைல்தான். யுத்தத்துக்கு முன்னும் யுத்தத்தின்போதும் அந்த ஊரிலும், பக்கத்தில் பிளாக்பர்னிலும், பெண்கள் உட்கார்ந்து முகமூடிகளுக்கான வடிகட்டிகளைச் செய்தார்கள். வடிகட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் நார். நமக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரை. இந்தப் பெண்களுக்கு அது கையால் எடுத்துக் கையால் அடைக்கும் பஞ்சு மாதிரிச் சமாச்சாரம். நாற்பது வருஷம் கழித்து அவர்களுடைய மரணங்களைக் கணக்கெடுத்த ஆய்வு 1982-ல் வெளிவந்தது. லேலண்டில் நீல ஆஸ்பெஸ்டாஸோடு வேலை செய்த பெண்களிடையே மீசோதீலியோமா என்ற புற்றுநோய் கண்டது. நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வருவது, பல பத்தாண்டுகள் பதுங்கியிருந்து வருவது, மூச்சை நிறுத்துவது.

இந்த இடத்தில் படிமம் வாசலில் வந்து நிற்கிறது. மூச்சைக் காக்கச் செய்த கருவி, செய்தவளின் மூச்சை எடுத்தது என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும்; எல்லோரும் தலையை ஆட்டிவிடுவார்கள். ஆனால் விஷயம் அவ்வளவு வழுவழுப்பானதல்ல. லேலண்டில் நீல ஆஸ்பெஸ்டாஸ் வைத்துச் செய்தது ராணுவத்தினருக்கான முகமூடிகளுக்கு. பிளாக்பர்னில் பொதுமக்களுக்கான முகமூடிகளில் வைத்தது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ்; அங்கே இந்த நோய் அவ்விதம் தலைகாட்டவில்லை. என் சிவப்பு முகமூடியை லேலண்ட் பெண்ணின் மரணத்தோடு நேராக முடிச்சுப் போட எனக்கு உரிமையில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. படிமம் அந்த இடைவெளியை மூடிவிடும். மூடினால் அந்தப் பெண் போய்விடுவாள், நம் வரி மட்டும் நிற்கும். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் சாது என்றும் இதற்கு அர்த்தமில்லை. பிரிட்டன் நீலத்தை 1985-ல் தடுத்தது. வெள்ளையை 1999-ல் தடுத்தது. நம் ஊரில் அந்த வெள்ளை இன்னும் கூரையாகத் தலைக்கு மேல் இருக்கிறது. இந்தப் பத்திரிகையின் சில பக்கங்களாவது அதன் கீழே படிக்கப்படும்.

2014-ல், பழைய முகமூடிகளைப் பிள்ளைகள் தொடவோ போட்டுப்பார்க்கவோ கூடாது என்று பிரிட்டிஷ் பள்ளிக்கூடங்களுக்குச் சொல்லப்பட்டது. அதுவரை சரித்திர வகுப்பில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னுடையவை தடித்த பாலிதீன் உறையில் ஒட்டி மூடப்பட்டிருக்கின்றன. காட்டுவதென்றால் உறையோடுதான்.

இதில்தான் லண்டனில் நாடகம் போடும் நண்பருக்கும் எனக்கும் தகராறு வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். என்னை விட இருபது வயது சிறியவர். ஒரு குழந்தைப் பாத்திரத்துக்குச் சிவப்பு முகமூடியைக் கேட்டார். ‘அண்ணை, இது மேடைக்கெண்டே செய்த சாமான் போல இருக்கு. ஒருக்காத் தாங்கோ. பத்து நிமிசம்தான்’ என்றார். ஆஸ்பெஸ்டாஸைச் சொன்னேன். டப்பாவைக் கழற்றிவிடலாம் என்றார். கழற்றினால்தான் நார் வெளியே வரும் என்றேன். பிறகு அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ‘நாங்கள் பங்கருக்குள்ளை இருந்து வளந்த ஆக்கள். வளவுக்குள்ளை அப்பா வெட்டினது. மேலை பனங்குத்தி, மண்மூட்டை. எங்களுக்கு ஒருத்தரும் சிவப்பிலை ஒண்டும் செய்து தரேல்லை, அண்ணை.’

அவர் குறையாகச் சொல்லவில்லை. சாமான்களைப் பட்டியல் போடுகிற குரலில் சொன்னார். அதற்குப் பிறகு அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பட்டியலும் அதில் இருக்கிறது. தன் குழந்தைகள்மேல் குண்டு விழும் என்று எதிர்பார்த்த சர்க்கார் ஒன்று உட்கார்ந்து யோசித்து, வர்ணம் தேர்ந்தெடுத்து, கோடிக்கணக்கில் செய்து கொடுத்திருக்கிறது. வாயு வராமல் போனதால் அந்தக் கருணை பொய்யாகிவிடாது. பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கருணைக்கும் ஒரு விநியோகப் பட்டியல் உண்டு. அந்த முகமூடிகள் திட்டமிடப்பட்ட அதே 1930-களில், அதே சர்க்காரின் விஞ்ஞானிகள் ராவல்பிண்டியில் இந்தியச் சிப்பாய்கள்மேல் மஸ்டர்ட் வாயுவைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். தோல் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்கு. பத்து வருஷங்களுக்கு மேல் நடந்தது. சிலர் கடுமையான புண்களோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். 2007-ல்தான் இது பத்திரிகையில் வந்தது. லங்காஷயர்க் குழந்தையைத் தேடி வராத வாயு, ராவல்பிண்டிக்கு முன்னமே வந்திருந்தது. சிப்பாய்கள் பட்டியலின் வேறொரு பக்கத்தில் இருந்தார்கள். லேலண்ட் பெண்கள் இன்னொரு பக்கத்தில்.

நண்பர் கடைசியில் நகல் செய்துகொண்டார். சிவப்பு ரப்பர் ஷீட், பெயிண்ட் அடித்த பால்மா டப்பா, இரண்டு வளையல். மேடையில் அந்தச் சிறுமி மூச்சுவிட்டபோது மூக்கு துடிக்கவில்லை; அதற்குப் பதிலாக அவள் தலையைக் கொஞ்சம் ஆட்டினாள். போதுமாக இருந்தது. போதுமானதற்கு மேலும் இருந்தது. நாடகத்துக்கு நிஜச் சாமான் தேவையில்லை என்று நான் அவரிடம் வாதித்தபோது தியரிதான் பேசினேன். அவர் அதைச் செய்து காட்டினார். கலைக்கு நகல் போதும். நிஜத்துக்கு வேறு வேலை இருக்கிறது. நாம் சொல்வதற்கெல்லாம் இசைந்து போகாமல், தன் தேதியோடும் தன் நாரோடும், நம் வரிகளுக்கு எதிரே நின்றுகொண்டிருப்பது அந்த வேலை.

எனக்குப் பிறகு இவை எங்கே போகும் என்று வீட்டில் கேட்கிறார்கள். நான்கை ஒரு மியூசியம் வாங்கிக்கொள்ளலாம். அவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கும். பெட்டியோடு இருப்பதை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன். மூடியில் உள்ள தெரு பிளாக்பர்னில் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணில் வீடும் இருக்கிறது. ஒருமுறை அதன் வழியாக நடந்திருக்கிறேன். ஜன்னலில் வேறொரு நாட்டிலிருந்து வந்த குடும்பத்தின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. வாசலில் ஒரு மூன்று சக்கர சைக்கிள். கதவைத் தட்டி என்ன சொல்வது? இந்த விலாசத்துக்கு வரவேண்டிய ஒன்று வரவில்லை என்றா? நான் தட்டவில்லை. தெருக்கோடியில் பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.